செத்த கதியாலின் நெருப்பு

மூட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கப் போகும் பருவத்துக்கு வந்துவிட்ட என் வயதுக்காரரே, உங்களில் எத்தனை பேருக்கு ஒரு நெருப்புக்குச்சியை பிளேட்டால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கத் தெரியும்? கையை உயர்த்துங்கள். நினைத்தேன். அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. குச்சியின் தலையில் இருக்கிற மருந்து இரண்டு பாதியிலும் சமமாக நிற்க வேண்டும். அம்மா அதைச் செய்யும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது. நுளம்பு கடித்தாலும் அடிக்கக்கூடாது.

நான் சொல்ல வந்தது அந்தப் பாதிக் குச்சியும் இல்லாமற்போன நாட்களைப் பற்றி. தொண்ணூறுகளின் தொடக்கம். யுத்தத்தால் பாதை பூட்டு, சாமான் வராது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அடங்கி மாரி இன்னும் தொடங்காத ஒரு இடைக்காலம். இப்போது நினைத்தால் அந்த நாட்கள் முழுவதும் மெல்லிய புகைக்குப் பின்னால் நிற்கின்றன. ஆட்கள் அசைகிறார்கள், வாய் அசைகிறது, சத்தம் கொஞ்சம் பிந்தி வருகிறது. பழுத்து விழுந்த பனங்காயின் மணம் மட்டும் பிந்தாமல் வருகிறது. சவர்க்காரம் இல்லாததால் அந்தப் பனங்காய்க் களியில்தான் உடுப்புத் தோய்த்தோம். நான் பள்ளிக்கூடம் போகும்போது என் சட்டையை நக்குவதற்கு ஒழுங்கை மாடுகள் பின்னால் வரும். நான் ஓடுவேன். அவையும் ஓடும்.

ஓடுவது என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. அந்தச் சொல்லுக்குள் ஒரு கொள்ளி இருக்கிறதே என்பதற்கும் பயந்தவன். போன மாதம் மகளின் பிறந்தநாளுக்குக் கேக்கில் மெழுகுதிரி ஏற்றினார்கள். எல்லோரும் கைதட்டிப் பாடும்போது நான் மட்டும் ஒரு ஜக் தண்ணீரோடு நின்றேன். மனைவி வந்தவர்களுக்குச் சொன்னாள்: “இவருக்குத் தாகம் கூட.”

இப்படிப்பட்ட ஒருவன்தான் பதினொரு வயதில் நெருப்பு உண்டாக்கப் புறப்பட்டான்.

எங்கள் வீடு சாவகச்சேரிக்குக் கொஞ்சம் உள்ளே, ஒழுங்கை என்கிற மணல் சந்து ஒன்றின் முடிவில் இருந்தது. ஒரு பக்கம் ஆட்கள் இடம்பெயர்ந்து போய்ப் பற்றை மண்டிக் கிடந்த வெறும் வளவு. மறுபக்கம் மாமி வீடு. மாமி என்றால் அப்பாவின் மூத்த சகோதரி. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. பூவரசந் தடிகளை வெட்டி வரிசையாக நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டிய வேலி. அந்தத் தடிகளைக் கதியால் என்போம். சில கதியால் வேர்விட்டுத் தளிர்த்து மரமாகிவிடும். சில தளிர்க்காமல் காய்ந்து, நட்ட இடத்திலேயே நிற்கும். அது செத்த கதியால். செத்தாலும் அது எல்லைதான். செத்தவர்களுக்கு எங்கள் ஊரில் மரியாதை கூட.

முந்திய வருடம் வேலி அடைத்தபோது கதியால்கள் ஒரு சாண் தங்கள் பக்கம் தள்ளி நடப்பட்டுவிட்டன என்று மாமி சொன்னார். இல்லை, எங்கள் பக்கம்தான் தள்ளி நடப்பட்டன என்று அம்மா சொன்னார். அந்த ஒரு சாணில் ஒரு கத்தரிக்கன்று நட முடியாது. ஆனால் ஒரு பகையைத் தாராளமாக வளர்க்கலாம். இரண்டு பேரும் கதைப்பதை நிறுத்தினார்கள். தமக்கைக்கும் மனைவிக்கும் நடுவில் அகப்பட்ட அப்பா, தான் மனேச்சராக இருந்த கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக வருவதன் மூலம் நடுநிலை காத்தார்.

கதைப்பதை நிறுத்தினார்கள் என்றால் வாயை மூடினார்கள் என்று எடுக்காதீர்கள். நேராகக் கதைப்பதைத்தான் நிறுத்தினார்கள். மற்றதெல்லாம் சாடையில் நடந்தது. மாமி தன் ஆட்டுக்குச் சொல்வார், அம்மாவுக்குக் கேட்கும். அம்மா மடியில் கிடந்த தங்கச்சிக்குச் சொல்வார், மாமிக்குக் கேட்கும். அந்த ஆட்டுக்கு விளங்கிய அளவு குடும்ப விஷயம் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வேலியில் ஒரு பொட்டு இருந்தது. நாயும் பிள்ளைகளும் புகுந்து போய்வரும் ஓட்டை. பகை வந்த பிறகும் அதை யாரும் அடைக்கவில்லை. ஏனென்றால் அதன் வழியாகத்தான் நெருப்பு வந்தது.

மாமி வீட்டு அடுப்பு நூருவதே இல்லை, அதாவது அணைவதே இல்லை. ஊமல் என்கிற காய்ந்த பனங்கொட்டைக் கோதுகளை அவர் ஒரு குவியல் சேர்த்து வைத்திருந்தார்; அதன் தணல் விடியவிடியக் கிடக்கும். விடிந்ததும் அம்மா என் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தந்து, “வேலியடிக்குப் போய் வா” என்பார். மாமி என்ற சொல் அவருடைய வாயில் வராது. நான் பொட்டுக்குள் கையை நீட்டுவேன். மாமி சிரட்டையில் சாம்பல் பரப்பி, அதன்மேல் ஒரு தணலைக் குறட்டால் எடுத்து வைப்பார். வைத்துவிட்டுச் சிரட்டையைப் பார்த்துச் சொல்வார்: “ஊதிக்கொண்டு போ. நூந்துபோச்செண்டு திரும்பி வராதை.” நான் கையை முழுநீளத்துக்கு நீட்டி, முகத்தைப் பின்னுக்கு இழுத்து, தூரத்திலிருந்தே ஊதுவேன். அது ஊதல் இல்லை, பெருமூச்சு.

வெள்ளிக்கிழமை மட்டும் இது நடக்காது. வெள்ளிக்கிழமை வீட்டு நெருப்பு வெளியே போனால் அதோடு லட்சுமியும் போய்விடுவாள். இது மாமி வீட்டுச் சட்டம் மட்டுமல்ல, எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் சட்டம். அதனால் வியாழக்கிழமை வாங்கிய தணலை அம்மா சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள் முழுவதும் காவல் காப்பார். தங்கச்சிக்கு அப்போது ஐந்தாறு மாதம். ஊரில் நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபாய்டு பரவியிருந்ததால், கொதித்தாறிய தண்ணீர் இல்லாமல் பிள்ளைக்குப் பால்மா கரைக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் காலை நான் சிரட்டையோடு திரும்பும்போது மாமி ஆட்டுக்குச் சொன்னது கேட்டது.

“கேட்டியே சங்கதி? சங்கக்கடை மனேச்சர் வீட்டிலை நெருப்புப்பெட்டி இல்லையாம். பெட்டி பெட்டியாய் ஒளிச்சு வைச்சுக்கொண்டு, என்ரை ஊமலிலை குளிர் காயினம்.”

அப்பா ஒரு குச்சிகூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். கடையில் சீனிச் சாக்கைத் தட்டியபோது சட்டையில் ஒட்டிய சீனியைக்கூட அங்கேயே தட்டிவிட்டு வருவார். அம்மா அடுப்படியில் நின்று மாமி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சியும் பக்கத்தில் இல்லை, சாடை சொல்வதற்கு. என் கையிலிருந்த சிரட்டையை வாங்கி, தணலை அடுப்பில் கொட்டிவிட்டு, வெறும் சிரட்டையைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒருநாளைக்கு இதை நான் தூக்கி எறிவன்” என்றார்.

அன்றைக்குத் தீர்மானித்தேன். அம்மா இனிமேல் அந்தச் சிரட்டையை நீட்டக்கூடாது. எங்கள் வீட்டுக்கான நெருப்பை நானே உண்டாக்குவேன். கொஞ்சம் பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டு.

என் சமூகக்கல்விப் புத்தகத்தில் ஆதிமனிதன் ஒருவன் இருந்தான். குந்தியிருந்து, இரண்டு தடியை ஒன்றோடொன்று உரசி, சிரித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் நெருப்பு கொழுந்துவிட்டு எரியும். அந்தச் சிரிப்பை நம்பி நானும் உரசினேன். முருங்கைத் தடியை உரசினேன், கிளுவந் தடியை உரசினேன். தடி சூடாகவில்லை, எனக்குத்தான் காய்ச்சல் வரும்போல் இருந்தது. பிறகு கல்லோடு கல்லைத் தட்டினேன். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து சுண்ணாம்புதான் வந்தது.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அம்மா பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் குண்டுக்குப் பதுங்கும் பங்கர் வெட்டப் பிள்ளைகளை மறித்து வைக்கிறார்கள் என்று முடிவுகட்டி, வாத்தியாரைத் திட்டினார். பொட்டுக்குள் நீண்ட கையைப் பார்த்த மாமி அதைச் சொறி என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து தணலை ஒரு முழம் மேலேயிருந்து போட்டார். தணல் சிரட்டையில் விழும்போதெல்லாம் நான் துள்ளினேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் மாமியின் மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எனக்கு மச்சாள்.

“டேய், வேலிக்கு அங்காலை இருந்து என்னடா கிறீச் கிறீச்செண்டு செய்யிறாய்? அணில் பிடிக்கிறியோ?”

“நெருப்பு உண்டாக்கிறன்.”

“நீயோ? மெழுகுதிரிக்கே கண்ணை மூடுறனி.”

“கண்ணை மூடிக்கொண்டும் உண்டாக்கலாம்.”

அவள் பொட்டுக்குள் தலையை விட்டு என் தடிகளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதபோதுதான் எனக்குக் கூடப் பயம். “உரசிச் சரிவராது. கடைய வேணும்” என்றாள். அவள் தினமும் பின்னேரம் மோர் கடைகிறவள். மத்தில் கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியையும் மாறிமாறி இழுத்தால் மத்து சுழலும் அல்லவா? மத்தின் இடத்தில் ஒரு தடி. பானையின் இடத்தில் ஒரு கட்டை. அவ்வளவுதான் என்றாள். ஆதிமனிதனுக்குப் பசுமாடு இருந்திருக்காது என்பதால் இது தெரியாமற்போயிருக்க வேண்டும்.

கட்டைக்கு நல்லாய்க் காய்ந்த, ஆனால் இறுகாத மரம் வேண்டும். இரண்டு பேரும் வேலியைப் பார்த்தோம். பொட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு செத்த கதியால் நின்றது. கறையான் அரிக்காத, சாம்பல் நிறத்தில் காய்ந்த பூவரசு. மச்சாள் ஒரு கையால் ஆட்டினாள். வந்துவிட்டது. கட்டியிருந்த கிடுகு கொஞ்சம் தொங்கியது. அதை நிமிர்த்தி மற்றக் கதியாலில் சொருகினாள். எல்லைக் கதியாலைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் அது பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் கண்ணயர்ந்திருந்தார்கள். பூவரசம் இலைகளுக்குள்ளால் வெயில் காசு காசாக மணலில் விழுந்து கிடந்தது. தூரத்தில் யாரோ சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். பாட்டு இழுபட்டு இழுபட்டு, ஒரு தூக்கக்காரன் பாடுவதுபோல வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் எதுவும் பெரிய விஷயமாகத் தெரியாது.

பிறகு வந்த பின்னேரங்கள் எல்லாம் எனக்கு ஒரே பின்னேரமாகத்தான் ஞாபகம். கதியாலில் ஒரு முழத் துண்டு கட்டையாகக் கிடக்கும். அதிலே ஒரு சின்னக் குழி. குழியில் ஒரு பூவரசந் தடி நிமிர்ந்து நிற்கும். தடியின் தலையை ஒரு சிரட்டையால் மச்சாள் தன் பக்கத்திலிருந்து அமத்திப் பிடிப்பாள். நான் என் பக்கத்திலிருந்து கயிற்றை இழுப்பேன். நடுவில் பொட்டு. சிரட்டைக்குள் தடி இறுகிப் பிடித்தபோது, அவள் தடியின் தலையைத் தன் எண்ணெய்த் தலைமயிரில் நாலு தரம் தேய்த்தாள். அதன் பிறகு அது பட்டுப்போலச் சுற்றியது. குழியில் வந்த மரத்தூள் சிதறிப் பறந்தபோது, தூள் ஓரிடத்தில் சேரக் குழியின் ஓரத்தில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டினாள். தூள் முதலில் வெள்ளையாக வந்தது. பிறகு தேத்தண்ணி நிறம். பிறகு கோப்பி நிறம்.

கருகிய பூவரசின் மணம் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு வந்த வருடங்களில், எந்த ஊரில் என்றாலும், யாராவது ஒரு கதவுக்குத் துளை போடும்போது நான் அங்கே போய்ச் சும்மா நிற்பேன். கிட்டத்தட்ட அந்த மணம்தான்.

ஒரு பின்னேரம் புகை வந்தது. முதலில் நூல் மாதிரி. நான் இழுத்தேன். நூல் தடித்தது. அது வேலியைத் தொட்டு, கிடுகின் ஈர்க்குகளுக்குள் நுழைந்து, மச்சாளின் முகத்தைச் சுற்றி ஒரு கனவுபோல மேலே போனது. அவள் கண் கலங்கச் சிரித்தாள்.

“வருதடா, வருது! நிப்பாட்டாதை!”

கருந்தூளின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. கடுகளவு. அது மூச்சு விட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன், மூச்சு விட்டது. நான் உண்டாக்கிய ஒன்று என்னைப் பார்த்துக் கண் விழிக்கிறது.

என் தலைக்குள் அந்தக் கணத்தில் ஓடியவற்றைச் சொல்கிறேன்: கிடுகு வேலி. வேலியை ஒட்டி மாமியின் வைக்கோற்போர். அதற்கு அப்பால் மாட்டுக்கொட்டில். பிறகு மாமி. பிறகு அங்கிருந்து எங்கள் வீட்டுக் கூரை, ஒழுங்கை, சாவகச்சேரிச் சந்தை. எரிகிற சந்தைக்குமேல் ஒரு ஹெலி வந்து, இந்தப் புகை எங்கேயிருந்து தொடங்கியது என்று தேடி, நேராக என் தலைக்குமேல் நிற்கிறது.

பக்கத்தில் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பு இருந்தது. முழுவதையும் ஊற்றினேன். “நெருப்பு! நெருப்பு!” என்று கத்திக்கொண்டே ஊற்றினேன்.

சொய்ங் என்று ஒரு சத்தம். அதோடு முடிந்தது.

மச்சாள் ஈரமான கையில் சிரட்டையோடு அப்படியே இருந்தாள். “நீ ஏனடா பிறந்தனி?” என்று கேட்டாள். கோபமாக இல்லை. அறிய விரும்புகிறவள்போல.

நனைந்த கட்டையையும் தடியையும் எடுத்துக்கொண்டுபோய், எங்கள் அடுப்புக்கு மேலே விறகு காய வைக்கும் பறணில் போட்டேன். அம்மாவிடம், “நான் நெருப்பு உண்டாக்கினனான்” என்றேன். அம்மா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை மாமி வேலியைப் பார்த்துவிட்டார்.

“ஏய் ஆடே! கதியாலையும் திண்டிட்டியே? நேற்று ஒரு சாண், இண்டைக்கு ஒரு கதியால். இப்பிடியே போனால் என்ரை குசினிக்குள்ளை வந்து படுத்திடுவாய் என்ன?”

அம்மா தங்கச்சியைத் தூக்கித் தோளில் போட்டார். “கேட்டியே பிள்ளை? தாங்களே கதியாலைப் பிடுங்கிப்போட்டு எங்கடை தலையிலை கட்டினம். வேலியை இஞ்சாலை தள்ளி நடப்போகினமாம். சில பேருக்குச் செத்த கதியாலும் சீதனம்.”

“ஆடே, நான் சாகேக்கை அந்தக் கதியாலையும் என்னோடை வைச்சு எரியுங்கோ எண்டு சொல்லு!”

“பிள்ளை, அதுக்கு நெருப்பு ஆரிட்டை வேண்டிறதெண்டு கேள்!”

அந்த நேரம் பார்த்துக் குண்டு போடும் பொம்பர் வந்தது. அம்மா தங்கச்சியோடும் என்னோடும் எங்கள் பங்கருக்குள் குதித்தார். மாமி மகளோடு தங்கள் பங்கருக்குள் குதித்தார். ஆட்டைக் கொண்டுபோனாரா என்று தெரியாது, ஆனால் மண்ணுக்குக் கீழே இருந்து, “ஆடே!” என்ற குரல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. அதைப் பற்றி இரண்டு பங்கரிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று தரம் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. மச்சாளின் நிலையும் அதுவே என்று பிறகு அறிந்தேன். அன்று மத்தியானம் மாமி ஒரு முழுக் கிடுகை எடுத்துவந்து பொட்டின்மேல் வைத்து இறுக்கிக் கட்டினார். அம்மா நெருப்பு வாங்குகிற தேவை தீர வேண்டும் என்று நினைத்து ஒரு தடியைச் சுற்றினேன். இப்போது நெருப்பும் இல்லை, வாங்குகிற வழியும் இல்லை.

அடுப்பில் கிடந்த கடைசித் தணலை அம்மா கைக்குழந்தைபோலப் பார்த்தார். ஊமலுக்குப் பதிலாகத் தேங்காய்ப் பொச்சுமட்டை வைத்து, சாம்பல் மூடி, விடியற்புறம் எழும்பி ஊதி, இப்படிப் பல நாட்கள் அதைக் காப்பாற்றினார். அப்பா சைக்கிளில் ஏறும்போது அடுப்புப் பக்கம் ஒருதரம் பார்ப்பார், வேலிப் பக்கம் ஒருதரம் பார்ப்பார், பெடலை மிதித்துவிடுவார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாரி தொடங்கியது.

பின்னேரம் வானம் கறுத்து, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. சோளகத்தில் கிழிந்த குசினிக் கூரையை யாரும் வேயவில்லை. அம்மா உடுப்பு எடுக்க முற்றத்துக்கு ஓடிய நேரத்தில், ஒரு தண்ணீர்த் தாரை நேராக அடுப்புக்குள் இறங்கியது. அந்தச் சொய்ங் சத்தத்தை நான் அறிவேன்.

அம்மா வந்து சாம்பலைக் கிளறினார். கறுப்புச் சேறு. சேலைத் தொட்டிலான ஏணையில் கிடந்த தங்கச்சி பாலுக்கு அழத் தொடங்கினாள். அப்பா சங்கக்கடைக்கு லொறி வருகிறது என்று போயிருந்தார். எப்போது வருவாரோ தெரியாது. விளக்கு வைக்கிற நேரம். சாமிப்படத்துக்கு முன்னால் எண்ணெய் விட்ட விளக்கு திரியோடு காத்திருந்தது. வெள்ளிக்கிழமை. ஒழுங்கையில் எந்த வீட்டுப் படலையைத் தட்டினாலும் நெருப்பு வெளியே வராது.

அம்மா அடுப்புக்கு முன்னால் இருந்துவிட்டார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வீடு இருண்டு கிடக்கு” என்றார். யாருக்கும் சாடை இல்லை. தனக்குத்தான்.

நான் பறணில் கைவிட்டேன். கட்டையும் தடியும் அங்கே இருந்தன. நாட்கணக்காகப் புகையில் கிடந்து எலும்புபோலக் காய்ந்திருந்தன. அம்மாவின் கையைப் பிடித்துச் சிரட்டையைக் கொடுத்து, “இதை இப்பிடி அமத்துங்கோ” என்றேன். அம்மா எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவ்வளவு களைத்திருந்தார். நான் இழுத்தேன். தடி துள்ளி விழுந்தது. திரும்ப வைத்தோம். துள்ளி விழுந்தது. என் கைக்கு வேகம் போதவில்லை. தங்கச்சி வீறிட்டாள். தடி கிறீச்சிட்டது. இரண்டு சத்தமும் மழையைத் தாண்டி வேலிக்கு அங்காலை போயிருக்க வேண்டும்.

வேலியில் கிடுகு கிழியும் சத்தம் கேட்டது. மச்சாள் பொட்டுக்குள்ளால் வந்தாள். அவளுக்குப் பின்னால் மாமியின் தலை வந்தது. பிறகு ஒரு இடைவேளை. பிறகு இரண்டு கதியால் முறிகிற சத்தம். பிறகு முழு மாமி.

மாமி குசினி வாசலில் நின்று அடுப்புக்குச் சொன்னார்: “வெள்ளிக்கிழமை நான் நெருப்புக் குடுக்கேலாது. அதிலை மாற்றமில்லை. எண்டாலும் என்ரை தம்பியின்ரை வீடு விளக்கில்லாமல் கிடக்கிறதை நான் பாத்துக்கொண்டிருக்கேலாது.”

அப்போது அவருடைய பார்வை கட்டையில் விழுந்தது. குனிந்தார். கருகிய குழிகளைத் தடவினார். முனையில் கிடுகு கட்டிய கயிற்றின் தழும்பு இன்னும் இருந்தது.

“இது என்ரை கதியாலெல்லே?”

“நான்தான் பிடுங்கினனான்” என்றாள் மச்சாள். “இவன் நெருப்பு உண்டாக்கினவன். உண்மையாய் உண்டாக்கினவன். பிறகு விசரன் தண்ணியை ஊத்திப்போட்டான்.”

அம்மா என்னைப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்தார். பிறகு, ஒரு வருடத்துக்குப் பிறகு, தவறுதலாக ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். உடனே இரண்டு பேரும் கட்டையைப் பார்த்தார்கள்.

மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு கீழே இருந்தார். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தார். மறுநுனி அம்மாவின் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. மச்சாள் சிரட்டையை வாங்கி அமத்திப் பிடித்தாள். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை: ஒரு காலால் ஏணையை ஆட்டுவது, கையில் பொச்சுத் தும்பை வைத்துக்கொண்டு தயாராக நிற்பது.

மாமி இழுத்தார். அம்மா இழுத்தார். மாமி இழுத்தார். முதலில் அது வேலிச் சண்டை மாதிரித்தான் இருந்தது. ஒவ்வொருவரும் மற்றவரின் கையைக் கழற்றிவிடுவதுபோல இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது ஒரு தாளத்துக்கு வந்தது. இருட்டில் தடி சுழலும் சத்தமும் மழையும் மட்டும். தங்கச்சிகூட அழுகையை நிறுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பூவரசு மணத்தது. அந்தக் குசினி எங்கேயோ மிதந்து போவதுபோல எனக்கு இருந்தது.

“மச்சாள், கெதியாய் இழுங்கோ” என்றார் அம்மா. அம்மாவுக்கும் மாமி மச்சாள்தான். “விட்டிடாதையுங்கோ, வரப்போகுது.”

“நான் எங்கை விட்டன்? நீர் இழும்!”

சிவப்புப் பொட்டு வந்தது. மச்சாள் அதைத் தும்பில் தட்டி என் கையில் வைத்து, “ஊது!” என்றாள். ஊதினேன். பெருமூச்சு இல்லை, உண்மையாகவே ஊதினேன். தும்பு முழுக்கச் சிவந்து, திடீரென்று என் கையில் சுவாலை எழும்பியது.

ஓலைக்கூரை. ஏணைச்சீலை. சாவகச்சேரிச் சந்தை. ஹெலி.

என் மறுகை தண்ணீர்க் குடத்துக்குள் இருந்த செம்பைத் தேடிப் பிடித்ததை நான் அறியேன்.

“ஊத்தாதை, மூதேவி!”

அம்மாவும் மாமியும். ஒரே நேரத்தில், ஒரே சொல், ஒரே குரல். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மாமியின் வாயில் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதலும் கடைசியும். செம்பு என் கையிலிருந்து விழுந்தது. மச்சாள் தும்பைப் பறித்து விளக்கில் பிடித்தாள்.

வெளிச்சத்தில் பார்த்தபோது அம்மாவுக்கும் மாமிக்கும் கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் கரியாக, புகையில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அம்மா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

இந்தக் கோலத்தைத்தான் மழைக்குள்ளால் வந்த அப்பா வாசலில் நின்று பார்த்தார். உங்களுக்குத் தெரியும், எங்கள் ஊரில் பகைத்த சொந்தக்காரர் படி மிதிப்பது செத்தவீட்டுக்கு மட்டும்தான். தலைவிரி கோலமாகத் தமக்கை. குலுங்கி அழுகிற மனைவி. சத்தமில்லாத ஏணை. சைக்கிள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

“ஆர்?” என்றார். “அக்கா, ஆர் போனது?”

“ஒருத்தரும் போகேல்லை” என்றார் மாமி. “உன்ரை மோன்தான் எங்களை அனுப்பப் பாத்தவன். சைக்கிளைத் தூக்கு.”

தங்கச்சி பசி ஞாபகம் வந்து வீறிட்டாள். அப்பா வாசற்படியிலேயே இருந்துவிட்டார். என்னுடைய பயம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவின் சட்டைப்பையில், பொலித்தீன் சொப்பிங் பையில் சுற்றி, நனையாமல் ஒரு நெருப்புப்பெட்டி இருந்தது. லொறியில் வந்ததில் எங்கள் குடும்பத்துப் பங்கு. முழுப் பெட்டி. அம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார். மாமி அதைக் கண்டார். ஆட்டுக்கு எதுவும் சொல்லவில்லை. ஆடு அங்கே இல்லைத்தான். அவர் போகும்போது மழை விட்டிருந்தது. போன வழி பொட்டு வழிதான். பொட்டு இப்போது மாமியின் அளவில் இருந்தது. அதைப் பிறகு யாரும் அடைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது எங்கள் குசினியில் அடுப்பு பெரிதாக எரிந்துகொண்டிருந்தது. ஈரக் கூரையிலிருந்து நீராவியும் புகையும் கலந்து, முற்றத்துத் தென்னைகளுக்கு நடுவில் வெள்ளையாகத் தொங்கின. அம்மா என்னைக் கூப்பிட்டுக் கையில் சிரட்டையைத் தந்தார்.

“போய் மாமியிட்டை நெருப்பு வேண்டிக்கொண்டு வா.”

“அம்மா, அடுப்பு எரியுதே?”

“எனக்குக் கண் தெரியும். போ.”

“நெருப்புப்பெட்டியும் இருக்கு.”

“போடா எண்டால் போ.”

பொட்டடியில் போய் நின்று கையை நீட்டினேன். மாமி வந்தார். இந்தமுறை சிரட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“ஏன், உங்கடை அடுப்பு நூந்துபோச்சோ?”

எனக்குப் பின்னால், எங்கள் குசினிக் கூரையிலிருந்து, ஊரே காணும்படி புகை போய்க்கொண்டிருந்தது. மாமி அதை நிமிர்ந்து பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஓம் மாமி” என்றேன். “நூந்துபோச்சு.”

“நூந்தால் வேறை என்ன செய்யிறது” என்றார் மாமி. இருந்ததிலேயே பெரிய தணலாகப் பார்த்து எடுத்து, சாம்பலில் மெல்ல வைத்தார். “ஊதிக்கொண்டு போ.”

ஊதிக்கொண்டு வந்தேன். அம்மா சிரட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். எரிகிற அடுப்பின் ஒரு மூலையை ஒதுக்கி, அந்தத் தணலைக் குறட்டால் எடுத்து, நூந்துபோகாதபடி, கவனமாக அதற்குள் வைத்தார்.